எடைக்கோடு எந்தத் திசையில் செல்கிறது?

குழந்தையைத் தடுப்பூசிக்கு அழைத்து வரும் பெற்றோர் பெரும்பாலும் தாய் சேய் நல அட்டையை மறவாமல் கொண்டு வருகின்றனர். அடுத்த ஊசி என்றைக்கு என்பதை அதில் பார்த்துக்கொள்கின்றனர். அதே அட்டையில், வளைந்து மேலேறும் கோடுகள் நிறைந்த பக்கம் ஒன்று உண்டு. ஆண் குழந்தைக்கு நீலம், பெண் குழந்தைக்கு இளஞ்சிவப்பு என்று தனித்தனியே அச்சிடப்பட்ட அந்தப் பக்கம் பல அட்டைகளில் வெறுமையாகவே இருக்கிறது. சிலவற்றில் புள்ளிகள் இருக்கும்; அவற்றை இணைக்கும் கோடு இருக்காது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பற்றி மருத்துவருக்கு மிகுதியான செய்தியைத் தரும் பக்கம் அதுதான். அதைப் பெற்றோரும் படிக்கலாம். பத்து நிமிடப் பயிற்சி போதும்.

வரைபடத்தின் அடியில் இடமிருந்து வலமாகக் குழந்தையின் வயது மாதக் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். இடப்பக்கத்தில் கீழிருந்து மேலாக எடை, கிலோ கணக்கில். எடைபோட்ட நாளில் குழந்தையின் வயதுக்கு நேர் மேலாகவும், எடைக்கு நேர் வலமாகவும் சென்று, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அடுத்த மாதம் இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் அதுவே உங்கள் குழந்தையின் எடைக்கோடு. பின்னணியில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு ஆகிய வண்ணப் பட்டைகள் இருக்கும். புள்ளி பச்சையில் விழுந்தால் எடை வயதுக்கு ஏற்றது. மஞ்சளில் விழுந்தால் எடைக்குறைவு. ஆரஞ்சில் விழுந்தால் கடுமையான எடைக்குறைவு.

இவ்வளவும் பலருக்குத் தெரியும். "பச்சையில்தான் இருக்கிறது" என்று செவிலியர் சொல்லிவிட்டால் வீட்டார் நிம்மதியோடு திரும்பிவிடுகின்றனர். ஆயினும், நிறம் மாறுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே கோட்டின் திசை மாறிவிடுகிறது. அதைக் கவனிக்கத் தவறினால் குழந்தைக்கு உதவக்கூடிய எளிய காலம் கைநழுவிப் போகும்.

இரண்டு குழந்தைகள், ஒரே வயது

விளக்கத்திற்காக இரண்டு பெண் குழந்தைகளை எண்ணிக்கொள்வோம். இருவருக்கும் இன்று ஒன்பது மாதம் நிறைவடைகிறது.

முதல் குழந்தை பிறந்தபோது 2.5 கிலோ. மூன்றாம் மாதத்தில் 4.8, ஆறாம் மாதத்தில் 6.0, இன்று 6.8 கிலோ. இரண்டாம் குழந்தை பிறந்தபோது 3.2 கிலோ. மூன்றாம் மாதத்தில் 5.8, ஆறாம் மாதத்தில் 7.2. அதன்பின் ஏழாம் மாதம் 7.3, எட்டாம் மாதம் 7.3, இன்றும் 7.3 கிலோ.

இருவரையும் அருகருகே அமர்த்திப் பார்ப்பவர் எவரும் முதல் குழந்தையைப் பார்த்துத்தான் கவலைப்படுவர். அது மெலிந்தது, அரை கிலோ எடையும் குறைவு. ஆனால் வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் அதன் கோடு பிறந்த நாள் முதல் பச்சைப் பட்டையின் கீழ்ப்பகுதியில், பட்டையின் வளைவையே பின்பற்றிச் சீராக மேலேறுவது தெரியும். சிறிய உருவத்தோடு பிறந்த குழந்தை, தன் பாதையில் பிசகாமல் வளர்ந்து வருகிறது. அதன் உணவையும் நோய்த்தடுப்பையும் தொடர்ந்து கவனித்தால் போதும்.

இரண்டாம் குழந்தையின் கோடு ஆறாம் மாதம் வரை நடுக்கோட்டை ஒட்டி ஏறி, அதன்பின் தரைக்கு இணையாகப் படுத்துவிட்டது. புள்ளி இன்னும் பச்சையில்தான் இருக்கிறது. கன்னத்தில் சதை இருக்கிறது. பார்ப்பவர் குறை சொல்ல மாட்டார். எனினும் மருத்துவர் இன்று நேரம் ஒதுக்கி விசாரிக்க வேண்டியது இந்தக் குழந்தையைப் பற்றித்தான். மூன்று மாதங்களில் அது பெற்றிருக்க வேண்டிய எடை ஏறத்தாழ 900 கிராம். பெற்றதோ 100 கிராம்.

இதிலிருந்து படிக்கும் முறை எளிதாகப் புலப்படும். கோடு பட்டையின் வளைவுக்கு இணையாக மேலேறினால் நலம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒரு மாத காலத்தில் எடையே கூடவில்லை என்றால் காரணம் கேட்க வேண்டும். கோடு கீழ்நோக்கி இறங்கினால், நிறம் எதுவாக இருந்தாலும், அடுத்த தடுப்பூசி நாள் வரை காத்திராமல் அந்த வாரமே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இங்கே தேவையற்ற அச்சம் ஒன்றையும் விலக்கிவிடலாம். பிறந்த முதல் சில நாட்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் சிறிது எடை குறையும். இரண்டு வாரங்களுக்குள் அது மீண்டுவிடும். முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை எடை கூடுகிறது. ஐந்தாம் மாத அளவில் பிறப்பு எடை இருமடங்காகிறது. ஓராண்டு நிறைவில் மும்மடங்காகிறது. ஆனால் இந்த வேகம் இயல்பாகவே தணிந்துகொண்டு வரும். ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை மாதத்திற்குச் சராசரியாக 250 முதல் 300 கிராம்தான் கூடும். "முதலில் மளமளவென்று ஏறியது, இப்போது ஏறவில்லையே" என்று வருந்தும் தாய்மார்களுள் பலரின் குழந்தைகள் முற்றிலும் சரியாகவே வளர்ந்துகொண்டிருக்கின்றன. வரைபடத்தின் பட்டைகளே மேலே செல்லச் செல்லச் சாய்ந்து வளைவது இந்தக் காரணத்தால்தான். ஆகவே மாத எடையைத் தனியாகப் பார்த்து அஞ்ச வேண்டாம். பட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மட்டும் வேறு கணக்கு. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு இன்று ஆறு மாதம் என்றால், வரைபடத்தில் நான்கு மாதம் என்றே குறிக்க வேண்டும். இரண்டு வயது வரை இந்தத் திருத்தம் தேவை. தடுப்பூசிக்கு இது பொருந்தாது. அதற்குப் பிறந்த தேதியே கணக்கு.

"எங்கள் வம்சமே இப்படித்தான்"

கோடு தட்டையாகிவிட்டது என்று விளக்கும்போது, உடன் வந்திருக்கும் பாட்டி பெரும்பாலும் சொல்லும் பதில் இது. "இவங்க அப்பாவும் சின்ன வயசுல ஒல்லிதான் டாக்டர், எங்க வாகே அப்படித்தான்" என்பார். இந்த வாதத்தில் ஓர் உண்மையும் இருக்கிறது. ஒரு பிழையும் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் ஓர் ஆய்வை நடத்தியது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகியவை அந்நாடுகள். இந்தியாவில் ஆய்வு நடந்த இடம் புது தில்லி. சுமார் 8,500 குழந்தைகள் அதில் இடம்பெற்றனர். தாய்ப்பால் கிடைத்த, புகைபிடிக்காத தாய்மார்களின், வளர்ச்சிக்குத் தடையில்லாத சூழலில் வாழ்ந்த குழந்தைகளாகத் தேர்ந்தெடுத்தனர். முடிவு பலரும் எதிர்பாராதது. நார்வேக் குழந்தையும் தில்லிக் குழந்தையும் முதல் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரே விதமாக உயரம் பெற்றனர். நாடுகளுக்கு இடையே இருந்த வேறுபாடு மிகச் சொற்பம். 2006ஆம் ஆண்டில் வெளியான வளர்ச்சி அளவுகோல்கள் இந்த ஆய்விலிருந்து உருவானவை. உங்கள் கையில் உள்ள அட்டையின் பட்டைகளுக்கும் அவையே அடிப்படை. அவை அயல்நாட்டுக் குழந்தைக்கு வரைந்த கோடுகள் என்று ஒதுக்கிவிட இயலாது. நம் நாட்டுக் குழந்தைகளும் சேர்ந்து வரைந்த கோடுகள் அவை.

பெற்றோரின் உயரம் குழந்தையின் உயரத்தைப் பாதிக்கும் என்பது மெய்தான். பெரிதாகப் பிறந்த சில குழந்தைகள், பெற்றோர் குட்டையானவர்களாக இருந்தால், ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் மெல்ல மெல்ல ஒரு கீழ்ப்பாதைக்கு இறங்கி, அங்கே நிலைபெற்றுத் தொடர்வதுண்டு. அப்போது எடையும் நீளமும் சேர்ந்தே இடம் மாறும். குழந்தை சுறுசுறுப்பாக இருக்கும். புதிய பாதையில் கோடு மீண்டும் மேலேறும். மூன்று மாதம் அசையாமல் படுத்திருக்கும் கோட்டுக்கு வம்சம் காரணமாகாது. மேலும், அப்பாவும் தாத்தாவும் குட்டையாக இருந்ததற்கு அவர்கள் சிறு வயதில் பட்ட பசியும் தீராத வயிற்றுப்போக்கும் காரணமாக இருந்திருக்கலாம் அல்லவா? 2019 - 21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட நான்கு குழந்தைகளில் ஒரு குழந்தை, வயதுக்கு ஏற்ற உயரமின்றி இருக்கிறது. இத்தனை குழந்தைகளின் குட்டை உருவத்துக்கும் பரம்பரையே காரணம் என்பதை ஏற்பதற்கில்லை.

உயரத்தைப் பற்றி இங்கு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உடலுக்குப் போதிய உணவு கிட்டாதபோது முதலில் நிற்பது எடை. அந்நிலை நீடித்தால் உயரம் நிற்கும். தலையின் சுற்றளவு இறுதியாகவே பாதிக்கப்படும்; உடல் தன் மூளையைக் கடைசி வரை காத்துக்கொள்ள முயல்கிறது. இழந்த எடையைச் சில வாரங்களில் மீட்டுவிடலாம். முதல் இரண்டு ஆண்டுகளில் இழந்த உயரத்தை அவ்வளவு எளிதாக மீட்க இயலாது. எடைக்கோடு தட்டையாகும் அந்த ஓரிரு மாதங்களிலேயே தலையிட வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆறாம் மாதத்தில் என்ன நேர்கிறது?

கோடு தட்டையாகும் குழந்தைகளின் அட்டைகளைப் புரட்டினால், ஆறாம் மாதத்துக்கும் பன்னிரண்டாம் மாதத்துக்கும் இடையிலேயே பெரும்பாலும் அது தொடங்கியிருக்கும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டியதில்லை. அதன்பின் தாய்ப்பால் தொடர வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. ஆறு முதல் எட்டு மாதம் வரையிலான குழந்தைக்கு நாள்தோறும் சுமார் 200 கலோரி, ஒன்பது முதல் பதினொரு மாதம் வரை சுமார் 300 கலோரி, ஒரு வயதைக் கடந்தபின் சுமார் 550 கலோரி இணை உணவிலிருந்து கிடைக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் அன்பு மிகுந்த வீடுகளிலும் சறுக்கல் நேர்கிறது. "சாப்பாடு கொடுக்கிறோம்" என்று சொல்வார்கள்; என்ன கொடுக்கிறீர்கள் என்றால் பருப்புத் தண்ணீர், ரசம் சாதத்தின் தெளிவு, நீர்த்த கஞ்சி என்று பதில் வரும். குழந்தையின் வயிறு சிறியது. கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் என்று கணக்கிட்டால், ஏழு கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு சிறு தம்ளர் அளவில் நிறைந்துவிடும். அந்த ஒரு தம்ளரைப் பருப்பு வேகவைத்த நீரால் நிரப்பினால் குழந்தை திருப்தியாக ஏப்பம் விடும். சத்து உடலில் சேராது. பருப்பின் சத்து பருப்பில்தான் இருக்கிறது, அது வெந்த நீரில் இல்லை. பருப்பையே குழைய மசித்துச் சோற்றோடு சேர்க்க வேண்டும்.

கெட்டிக்கு ஓர் எளிய சோதனை உண்டு. கரண்டியைச் சாய்த்தால் உணவு வழிந்து ஓடக் கூடாது; கரண்டியிலேயே தங்கி நிற்க வேண்டும். குழைந்த சோறும் பருப்பும், மசித்த இட்லி, வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், மஞ்சள் கருவில் தொடங்கி முழு முட்டை என எதுவும் ஆகும். ஒரு சிறு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ சேர்த்தால், அளவு கூடாமலே 45 கலோரி கூடுகிறது. சளி பிடிக்கும் என்று எண்ணெயையும் நெய்யையும் விலக்குவது சரியன்று.

கேழ்வரகுக் கூழ் நம் ஊரின் பழைய இணை உணவு. கெட்டியாகக் காய்ச்சினால் குழந்தை விழுங்கத் திணறும். நீர்த்துக் காய்ச்சினால் சத்து குறையும். நம் முன்னோர் இந்தச் சிக்கலுக்கு முளைகட்டுதலைத் தீர்வாகக் கண்டிருந்தனர். தானியம் முளைவிடும்போது அதில் உருவாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால், முளைகட்டிய கேழ்வரகின் மாவை அதிகமாகப் போட்டுக் காய்ச்சினாலும் கூழ் இளகியே இருக்கும். ஒரே தம்ளரில் கூடுதல் மாவு குழந்தையின் வயிற்றுக்குள் செல்கிறது. கடையில் விலை கொடுத்து வாங்கும் டப்பா உணவுகளுக்கு முன், அங்கன்வாடியில் இலவசமாகக் கிடைக்கும் சத்துமாவையும் இந்தக் கூழையும் முயன்று பார்ப்பது நல்லது என்பது என் கருத்து.

ஆறாம் மாத நிறைவில் இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. ஒன்பது மாதத்தில் மூன்று நான்கு வேளை, வேளைக்கு அரைக் கிண்ணம், இடையே ஓரிரு முறை சிற்றுணவு. ஒரு வயதில் வீட்டார் உண்பதையே காரம் குறைத்து முக்கால் முதல் ஒரு கிண்ணம் வரை. ஒரு வயது வரை தேன் கூடாது. தேநீரில் தோய்த்த பிஸ்கட் பல வீடுகளில் காலை உணவாகவே ஆகிவிட்டது. தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்காதபடி தடுக்கும். ஒரு வயதுக்குப் பின் பசும்பால் நாளொன்றுக்கு அரை லிட்டரைத் தாண்டினால் பசி அடங்கிவிடும், சோறு இறங்காது, இரத்தசோகையும் சேர்ந்து வரும்.

இரத்தசோகை எடைக்கோட்டில் நேரடியாகத் தெரியாது. மேலே குறிப்பிட்ட அதே ஆய்வில் தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு அது இருப்பதாகத் தெரிய வந்தது. குழந்தை பிறக்கும்போது கொண்டுவரும் இரும்புச்சத்துச் சேமிப்பு ஆறு மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. ஆகவேதான் ஆறு மாதம் முதல் வாரம் இருமுறை ஒரு மில்லிலிட்டர் இரும்புச்சத்து மருந்து அரசு சார்பில் வழங்கப்படுகிறது. மலம் கறுத்துப் போனால் பயந்து நிறுத்திவிட வேண்டாம். அது மருந்தின் நிறம்தான்.

உணவைக் கொடுப்பவர் யார் என்பதும் ஒரு கேள்வி. தாய் காலையில் வேலைக்குச் சென்று மாலையில் திரும்பும் வீடுகளில் குழந்தைக்குப் பகலில் ஊட்டுபவர் பாட்டி. மருத்துவமனையில் அறிவுரை கேட்பவர் தாய். கெட்டியான உணவு தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்று அஞ்சி, பாட்டி கஞ்சியை நீர்த்தே கொடுப்பார். அந்த அச்சத்தைக் கேலி செய்யாமல், அவரையே ஒருமுறை அழைத்து வாருங்கள். கரண்டிச் சோதனையை நேரில் காட்டினால் அடுத்த மாத எடையிலேயே மாற்றம் தெரிவதுண்டு.

காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் விட்டுச் செல்லும் பள்ளம்

கோட்டில் ஒரு சிறு இறக்கம் தெரிந்தால் மருத்துவர் அந்த மாத நோய்களைக் கேட்பார். மூன்று நாள் வயிற்றுப்போக்கு, ஒரு வாரக் காய்ச்சல் போன்றவை எந்தக் குழந்தைக்கும் எடையைக் குறைக்கும். நோய் தீர்ந்தபின் பசி கூடுகிறது; அப்போது உணவையும் கூட்டினால் கோடு விரைந்து ஏறிப் பழைய பாதையில் சேர்ந்துகொள்ளும். ஆகையால் நோய் குணமானபின் இரண்டு வாரங்களுக்கு நாளொன்றுக்கு ஒரு வேளை உணவு கூடுதலாகக் கொடுக்க வேண்டும். நம்மிடையே வழக்கம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. வயிற்றுக்கு ஓய்வு என்று பட்டினி போட்டு, குணமானபின்னும் ஒரு வாரம் அரிசிக் கஞ்சித் தெளிவிலேயே வைத்திருக்கின்றனர். பள்ளம் மேடாவதற்குள் அடுத்த வயிற்றுப்போக்கு வந்துவிடுகிறது. இரண்டு மூன்று முறை இவ்வாறு நேர்ந்தால் குழந்தை ஒரு பட்டை கீழே இறங்கியிருக்கும்.

வயிற்றுப்போக்கின்போது ஓ.ஆர்.எஸ். கரைசலும், மருத்துவர் தரும் துத்தநாக மாத்திரையும் இன்றியமையாதவை. துத்தநாகத்தைப் பதினான்கு நாட்கள் முழுமையாகக் கொடுக்க வேண்டும். இரண்டாம் நாளில் போக்கு நின்றுவிட்டாலும் தொடர வேண்டும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தக் கூடாது.

உணவும் சரி, அண்மையில் நோயும் இல்லை, ஆனாலும் கோடு எழவில்லை என்றால் மருத்துவரின் தேடல் வேறு திசையில் செல்லும். சிறு குழந்தைகளுக்குச் சிறுநீர்ப்பாதைத் தொற்று, வேறெந்த அறிகுறியும் இன்றி, எடை கூடாமையாக மட்டும் வெளிப்படலாம். எனவே சிறுநீர்ப் பரிசோதனை கேட்பார். வீட்டில் யாருக்கேனும் நீடித்த இருமலோ காசநோயோ உண்டா என்று கேட்பார். தாத்தாவின் இருமல் குழந்தையின் எடைக்கோட்டில் தெரியும் வீடுகள் உண்டு. பால் குடிக்கும்போது வியர்க்கிறதா, இளைக்கிறதா என்பது இதயத்தைப் பற்றிய கேள்வி. எடை சரியாக இருந்து உயரம் மட்டும் நின்றிருந்தால் தைராய்டு முதலான சுரப்பிகளை நினைப்பார். இந்தக் கேள்விகளைத் தாய் தம்மீது சாட்டும் குற்றமாக எடுத்துக்கொள்வதை அடிக்கடி காண்கிறோம். கூட்டுக் குடும்பத்தில் "பால் பத்தவில்லை", "சரியாக ஊட்டவில்லை" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு வந்த தாய்க்கு எடைப்பொறியே பகையாகத் தோன்றும். சிலர் எடை குறைந்த மாதத்தில் வராமலே இருந்துவிடுகின்றனர். குழந்தையை அழைத்து வர வேண்டிய மாதம் அதுவே.

கோட்டை நம்பிய ஒரு திட்டம்

எடைக்கோட்டை வீட்டிலுள்ள தாயின் கையிலேயே கொடுக்கலாம் என்ற எண்ணத்தைப் பரப்பியவர் டேவிட் மோர்லி என்னும் ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர். 1950களின் பிற்பகுதியில் நைஜீரியாவின் சிற்றூர் ஒன்றில் பணியாற்றியபோது, நோயோடு வரும் குழந்தைகளுள் பலரும் மாதக்கணக்கில் எடை கூடாதிருந்தவர்கள் என்று கண்டு, அதை முன்கூட்டியே காட்டும் அட்டையை அவர் உருவாக்கினார். உறையிலிட்ட அந்த அட்டையைத் தாய்மார்களே வைத்துக்கொண்டனர்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பெருமைக்குரிய பங்கு உண்டு. 1980இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகள் மாதந்தோறும் எடைபோடப்பட்டனர். எல்லோருக்கும் உணவு வழங்குவதற்கு மாறாக, கோடு தட்டையாகத் தொடங்கிய குழந்தைகளைக் கண்டறிந்து, அவர்களுக்கு மட்டும் ஏறத்தாழ மூன்று மாதம் சத்துணவு உருண்டை கொடுத்தனர். கோடு மேலேறியதும் நிறுத்தினர். குழந்தை மஞ்சளுக்கோ ஆரஞ்சுக்கோ இறங்கும் வரை காத்திராமல் திசையைப் பார்த்தே தலையிட்ட திட்டம் அது. ஊர் ஊராகக் கைத்தராசில் குழந்தைகளைத் தூக்கிவைத்துப் புள்ளியிட்ட ஊழியர்களின் வேலையை, இன்று எண்ணிப் பார்த்தாலும் வியப்பாகவே இருக்கிறது.

புள்ளி சரியாக இருந்தால்தான் கோடும் சரியாக இருக்கும். நனைந்த துணி அணையாடை மட்டும் 200 கிராம் இருக்கக்கூடும். தடித்த சட்டையும் வெள்ளிக் கொலுசும் வேறு. ஒரு மாத வளர்ச்சி முழுவதையும் அவை மறைத்துவிடும். ஆகவே குறைந்த உடையில், அணையாடையைக் கழற்றி, இயன்றவரை ஒரே எடைப்பொறியில் எடைபோடச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மாதம் எண் விந்தையாக இருந்தால் முதலில் மறுமுறை எடைபோடுவதே முறை. இரண்டு வயது வரை நீளத்தைப் படுக்கவைத்தும், அதன்பின் உயரத்தை நிற்கவைத்தும் அளப்பர். ஒரே குழந்தையை இரண்டு விதமாகவும் அளந்தால் ஏறத்தாழ 0.7 சென்டிமீட்டர் வேறுபடும்; எனவே இரண்டாம் பிறந்தநாளை ஒட்டிக் குழந்தை சற்றே "குறைந்துவிட்டதாக"த் தோன்றினால் கலங்க வேண்டாம்.

அங்கன்வாடியில் கையின் நடுப்பகுதியைச் சுற்றி அளக்கும் வண்ண நாடாவைப் பார்த்திருப்பீர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை அந்த அளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடுமையான ஊட்டக்குறைவு. அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். 12.5க்குக் கீழே என்றால் மிதமான குறைவு. கோடு மிக விரைவாகப் பட்டைகளைத் தாண்டி மேலே சென்றாலும் காட்டுங்கள். இனிப்புப் பானங்களும் கைப்பேசியைக் காட்டி ஊட்டும் பழக்கமும் அதன் பின்னே இருக்கும்.

எந்த வயதிலும் குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்ப முடியாதபடி துவண்டு கிடந்தாலோ எடைக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். மூச்சு வேகமும் அவ்வாறே. அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள்: இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, அதற்கு மேல் 40, இந்த எண்ணையோ அதற்கு மேலோ எட்டினால் அது நுரையீரல் தொற்றாக இருக்கக்கூடும்.

அடுத்த முறை வரும்போது அட்டையோடு ஒரு தாளையும் கொண்டு வாருங்கள். முந்தைய நாள் காலை முதல் இரவு வரை குழந்தை உண்டதும் குடித்ததும், எத்தனை கரண்டி, யார் ஊட்டியது என்பதை அதில் எழுதியிருந்தால் போதும். புள்ளி வைக்கப்பட்டதும், முந்தைய புள்ளியோடு கோட்டால் இணைத்துக் காட்டும்படி செவிலியரிடம் கேளுங்கள். இரண்டு நிமிட வேலைதான்; கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.